தறிச் சத்தத்தில் பார்த்த சீரியல்கள்

புது டிவியைச் சுவரில் மாட்டிய சனிக்கிழமை அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. எங்கள் வீட்டில் டிவி ஓடும்போது அப்பா இருந்ததே கிடையாது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவருக்குக் கரண்ட் போனால்தான் ஓய்வு. கரண்ட் போனால் டிவியும் போய்விடும். "அது எம் பங்காளியாட்டம். நான் உள்ள வந்தா அது எந்திரிச்சுப் போயிருது" என்பார்.

அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரிந்திருந்ததா என்று இன்னமும் எனக்குச் சந்தேகம்தான். ஐம்பது வயதுகூட ஆகாதவள். அதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த டிவிதான். சீரியல் எடுப்பவர்களைப் பற்றி நான் நிறையக் கேலி பேசியிருக்கிறேன். இப்போது அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புது வீட்டுக்கு வருவதற்கு முன்பு இருபது வருடம் நாங்கள் குடியிருந்தது தறிப் பட்டறைக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில். ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி. சுவரில் கை வைத்தால் கை நடுங்கும். அம்மா பகலெல்லாம் அதே பட்டறையில் தார் போடுவாள். தறியில் குறுக்கே ஓடிப் பாயும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூல் சுற்றுகிற வேலை. பொழுதோட வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு டிவியைப் போடுவாள். தறி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டிவி சத்தத்தை முழுக்கக் கூட்டினாலும் ஒரு வார்த்தை காதில் விழாது. அதனால் கூட்டுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. எங்கள் பழைய ரிமோட்டில் சேனல் மாற்றும் பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. சத்தத்துக்கான பட்டன் கடைசிவரை கடையில் வாங்கினபோது இருந்த மாதிரியே இருந்தது.

அப்படித்தான் நான் சீரியல் பார்க்கப் பழகினேன். முகத்தைப் பார்த்து, வாயைப் பார்த்து. பட்டறை ஆட்கள் எல்லோருக்குமே வாயைப் படிக்க வரும். நாலு தறி தள்ளி நிற்பவரிடம் டீ குடிக்கப் போகலாமா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பார்கள். அவரும் நூல் அந்துபோய்க் கிடக்குது, நீ போ என்று உதட்டாலேயே சொல்லுவார். யாரையும் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தோளைத் தொடுவார்கள், இல்லையென்றால் முன்னால் வந்து நின்று கையை ஆட்டுவார்கள். வீட்டிலும் நாங்கள் அப்படித்தான். எங்களுக்கு அது ஒரு விசேஷமாகவே தெரிந்ததில்லை. உலகத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

இந்த வித்தையில் எங்கள் லைனிலேயே அம்மாதான் பெரிய கை. ஏழு மணி சீரியலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர்கள் வீட்டிலும் டிவி உண்டு. ஆனால் வசனம் சொல்ல ஆள் இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி, ஒவ்வொருவரும் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவாள். நடிகர்களை அவள் தரம் பிரிப்பதும் வாயை வைத்துத்தான்.

"இந்த மாமியாக்காரி வாய் நல்ல வாய். ஒவ்வொரு எழுத்தும் தெளுவா உழுகுது பாரு."

"இவ கொளகொளன்னு மெல்லறா. வெத்தலை போட்டுட்டு நடிக்க வந்துட்டா."

"இவன் மீசையை மழிச்சாத்தான் ஆகும். என்ன பேசறான்னே தெரியல. அவம் பொண்டாட்டி எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ."

யாராவது கேமராவுக்கு முதுகைக் காட்டிப் பேசினால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "திரும்பிக்கிட்டான் பாரு மரியாதை கெட்டவன்" என்பாள். பிறகு அவன் என்ன பேசியிருப்பான் என்று அவளே ஒன்று சொல்லிவிடுவாள். யாரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு யாருக்குக் கேட்டது?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்று தறிக்கு வந்துவிட்டாள். அவள் நின்றதால்தான் நான் திருச்செங்கோட்டில் என்ஜினியரிங் காலேஜ் வரைக்கும் போனேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு டிவி இருந்தது. சேர்ந்த முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டோடு நிற்கும்போது அதில் எங்கள் ஏழு மணி சீரியல். முதல் தடவையாக அதைக் காதால் கேட்டேன். பெரிய ஏமாற்றம். அந்த மாமியாருக்கு யாரோ ஒரு சின்னப் பெண் மூக்கால் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் கதவைத் திறந்தால் டமார், திரும்பிப் பார்த்தால் டமார், காபி டம்ளரைக் கீழே வைத்தால் டமார். வசனமோ அம்மா சொன்னதில் பாதிகூட இல்லை. மாமியார் மருமகளைப் பார்த்து, "இந்த வீட்டில் நீ எப்படி வாழ்கிறாய் என்று பார்க்கிறேன்" என்றாள். இதே மாதிரி ஒரு காட்சிக்கு அம்மா ஊரில் சொன்ன வசனம் எனக்கு நினைவிருந்தது: "உங்கூட்டுல ஒரு தட்டுச் சோத்துக்கு ரண்டு பேரு உக்காருவீங்க, இங்க வந்து பாயசத்துல முந்திரி இல்லீங்கறயா?"

அன்றைக்கு நான் அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது வெட்கம். இவ்வளவு நாள் இதையா வாயைப் பிளந்து பார்த்தோம் என்று.

வேலை கிடைத்துச் சேலத்துக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு என் ரசனை உயர்ந்துவிட்டது. உயர்ந்துவிட்டதாக நான் எண்ணிக்கொண்டேன். காலையில் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். சங்ககிரி வருவதற்குள் ஒரு பாகத்தில் பாதி, சேலம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் மீதி. என்னை விமர்சகன் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸில் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் பார்க்கிறவனுக்கும் அபிப்பிராயம் உண்டு. முதல் ஐந்து நிமிடத்தில் பிணம் விழாத தொடர்தான் நல்ல தொடர். எட்டு பாகம் என்று போட்டிருந்தால் கதை ஐந்துக்குத்தான் இருக்கும். ஆறாவதில் கதாநாயகன் கடற்கரைக்குப் போய் நின்று யோசிப்பான். முதல் சீசன் நன்றாக இருந்ததென்றால் இரண்டாவதைத் தொடாமல் இருப்பது நல்லது. தொடக்கப் பாட்டைத் தாண்டிப் போக ஒரு பட்டனைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவை வெளிநாட்டுத் தொடர்கள். பனி பெய்யும் ஊர், இருட்டான வீடு, வாய்க்குள்ளேயே முனகுகிற மனிதர்கள். பாதி நேரம் முதுகுதான் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார்கள். இதுதான் யதார்த்தம், நம் சீரியலில் ஐந்து பேர் வரிசையாகக் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டு ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் பேசுகிறார்களே, எந்த வீட்டில் அப்படி நடக்கிறது என்று ஆபீஸில் வாதாடியிருக்கிறேன்.

போன வருடம் லைன் வீட்டைக் காலி செய்து பட்டறைகள் இல்லாத ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தேன். இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு. அம்மாவைத் தார் போடுவதிலிருந்து நிறுத்தினேன். அப்பா மட்டும் சைக்கிளில் தறிக்குப் போய்வந்தார். அக்கா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். பால் காய்ச்சிய மறுமாதம் அந்த டிவி வந்தது. கூடவே ஒரு வருடத்துக்கு ஓடிடி சந்தாவும் கட்டினேன்.

டிவி மாட்ட வந்தவர் கிளம்பியதும் ரிமோட்டைக் கையில் எடுத்து, பனி ஊர்த் தொடர் ஒன்றைப் போட்டேன். தமிழில் டப்பிங் செய்தது. அம்மாவுக்கு நாற்காலி, அக்காவுக்கு நாற்காலி, நான் தரையில். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும், எழுந்துவிட்டாள்.

"எங்கம்மா போற?"

"நீங்க பாருங்க சாமி. இவங்க வாயே எனக்கு வெளங்கல."

"தமிழ்லதானம்மா பேசறாங்க!"

"அப்படியா?" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. படிக்காதவள், அதனால் புரியவில்லை, சீரியலே பார்த்துப் பழகிவிட்ட மூளை, மெதுவாகப் பழக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அடுத்தடுத்த வாரங்களில் எளிமையானதாகத் தேடிப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி விளக்கினேன். தமிழ் எழுத்து கீழே ஓடுகிற மாதிரியும் வைத்துப் பார்த்தேன். பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு அம்மாவுக்கு எழுத்துத் தெரியும். அவள் முதல் வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் வரி ஓடிவிட்டது. "பஸ்ஸாவது ஸ்டாப்புல நிக்கும்" என்றாள்.

இன்னொன்றும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. ஏழு மணி சீரியலை அம்மா புது டிவியிலும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் எட்டிப் பார்க்க வந்தபோது, அம்மா பழக்கப்படி வசனம் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது தறி இல்லை. எங்களுக்கு நிஜ வசனமே கேட்கிறது. நான் சிரித்துக்கொண்டு, "அம்மா, அவ அப்படிச் சொல்லல. நாளைக்கு வக்கீலைப் பாக்கப் போறேங்கறா" என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் திருத்தினேன். அந்த அக்காவும் சிரித்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வசனம் சொல்லவே இல்லை.

அந்த வீட்டில் அம்மா மெல்ல மெல்ல ஒதுங்கினாள். நான் குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் பதில் வராது. அடுப்படியில் நின்று அக்கா எதையாவது சொன்னால் அம்மா தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை செய்வாள். பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்துப் போனது. எட்டு விசில், ஒன்பது விசில். பழைய வீட்டில் விசில் யாருக்கும் கேட்காது என்பதால் குக்கர் பக்கத்திலேயே நின்று, வெயிட் எழும்புவதைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருப்பாள். இங்கே அடுப்படி தனியாக இருந்தது. "வயசாயிருச்சு, கவனமில்ல" என்று அவளே சொன்னாள். நாங்களும் சரி என்று விட்டோம்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். "உங்கம்மா மொதலாளியப் பாத்துப் பேசச் சொல்லிட்டா. லைன் ஊடு இன்னும் சும்மாத்தான் கெடக்குதாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் உடாம வெச்சிருக்கறேன்னு சொல்லீட்டாரு."

அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா? இந்த ஊட்டுக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல சாமி. நல்ல ஊடு. எனக்குத்தான் இங்க ஆளே இல்லாத மாதிரி இருக்குது. அங்க நாலு பேரு பேசுவாங்க. நானும் உங்கப்பனும் அங்க போயிக்கறோம், தாரும் போட்டுக்கறேன். நீ இங்க இரு."

தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்டதாம், அமைதியான வீட்டில் ஆளே இல்லையாம். என் முதல் வருடச் சம்பளத்தில் பிடித்த வீடு இது. நான் கோபித்துக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மாசக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு மதியம் அம்மா சீரியலின் பழைய பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் கட்டிலில் படுத்திருந்தேன். மருமகள் அழுதாள், மாமியார் திட்டினாள், அம்மா "ம்ஹும்" கொட்டினாள். எல்லாம் வழக்கம்போல. பிறகு மகன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன்" என்றான். தெளிவான குரல். கட்டிலில் இருந்த எனக்கே கேட்டது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

பழைய வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வி அது. இங்கே கேட்கத் தேவையில்லாத கேள்வி. எழுந்து உட்கார்ந்தேன். அடுத்து ஒரு டாக்டர் வந்தார், வாயில் மாஸ்க் போட்டிருந்தார். "இவரு என்ன சொல்றாரு?" என்றாள். மாமியார் மறுபடி வந்தாள், நேராகப் பார்த்துத் திட்டினாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமியார் ஏதோ குத்தலாகச் சொன்னதற்குச் சரியான இடத்தில் சிரிக்கவும் செய்தாள்.

"அம்மா" என்றேன் பின்னாலிருந்து. கொஞ்சம் உரக்க, "அம்மா." மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன தம்பி?" என்றார். அம்மா திரும்பவில்லை.

அந்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது. பனி ஊர் ஆட்கள் அவர்கள் பாஷையில் வாயசைத்தார்கள்; அம்மா அந்த வாயைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். நான் பெரிய கலைஞர்கள் என்று புகழ்ந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு முதுகைக் காட்டினார்கள், இருட்டில் நின்றார்கள், வாய்க்குள் பேசினார்கள். நான் கேலி செய்த சீரியல்காரர்கள்தான் விளக்கைப் பளிச்சென்று போட்டு, முகத்தை நேராகக் காட்டி, ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருந்து, சொன்னதை மூன்று தடவை சொன்னார்கள். எத்தனை வருடமாகவோ அவளோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். புது வீட்டுக்கு வந்ததும் நாங்கள் நாகரிகமாக மெதுவாக, அடுத்த அறையிலிருந்து, போனைப் பார்த்துக்கொண்டே பேசப் பழகிவிட்டோம்.

சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னச் செவுடிங்கறயா? படிக்க வெச்சதுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கற!"

"அப்படிச் சொல்லலம்மா..."

"பட்டறையில இருக்கற அத்தன பேருக்கும் இப்படித்தான். எல்லாரையும் கூட்டிட்டுப் போ டாக்டருகிட்ட."

விஷயத்தை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் வந்தாள். எதுவும் விளக்கவில்லை. அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"துணிய எடுத்துட்டுப் பேசுடி" என்றாள் அம்மா.

"ஏம்மா? காதுல கேக்கறதுக்கு எம் வாயி எதுக்கு?"

அம்மா அக்காவின் வாயை, பிறகு என் வாயைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்பது போல, "எத்தன நாளா இப்படி?" என்று கேட்டாள். அக்காதான் சொன்னாள்: "யாருக்கும்மா தெரியும்? நாங்களும் சேந்துதான பாக்காம உட்டோம்."

சேலத்துக்குப் போன அன்று அப்பா தறிக்கு லீவு போட்டார். அவர் அப்படி லீவு போட்டு நான் பார்த்ததில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி அறை. அம்மாவை உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். வெகுநேரம் அவள் கை தூக்கவே இல்லை. நடுவில் ஒரு தடவை தூக்கினாள், பிறகு தப்புச் செய்துவிட்ட பிள்ளை மாதிரி இறக்கிக்கொண்டாள்.

டெஸ்ட் எடுத்த பெண் வயதில் என்னைவிடச் சின்னவள். வெளியே வந்து காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். தடித்த சத்தங்கள் ஓரளவு கேட்கிறதாம். லாரி, பாத்திரம் விழுவது. மெல்லிய சத்தங்கள், பேச்சில் எழுத்தை எழுத்தாகப் பிரிக்கிற சத்தங்கள், விசில், அதெல்லாம் போய்விட்டதாம். "போனது திரும்பாதுங்க. இருக்கறத வெச்சு மெஷின் போட்டு நல்லாக் கேக்க வெக்கலாம். ஆனா இனிமே சத்தத்துல வேலைக்குப் போகவே கூடாது" என்றாள். லைன் வீட்டுச் சுவர் என் நினைவுக்கு வந்தது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும், எனக்கு இன்றும் நன்றி உண்டு, என்னிடம் பேசாமல் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்துதான் அத்தனையும் சொன்னாள்.

அதன் பிறகு, "ஐயா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தறீங்களா?" என்றாள். அப்பா கதவோரம் நின்று சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, கதவு" என்றாள் மறுபடியும். அப்பா படத்தைப் பார்த்தபடியே நின்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த அறையே அதிரும்படி சிரித்தாள்.

"நானாச்சும் சீரியல் பாத்துப் பொழச்சுக்கிட்டேன். இந்த மனுசன் அதுவுமில்லாம எப்படிக் காலத்தை ஓட்டுனாரு!"

அப்பா அப்போதுதான் திரும்பினார். "என்னங்கறாங்க?" என்றார்.

அவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அம்மா அளவுக்கு இல்லை. இப்போதைக்கு மெஷின் வேண்டாம், தறி ஓட்டும்போது காதடைப்பான் கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். "அதைப் போட்டுட்டு நின்னா பட்டறையில சிரிப்பாங்க" என்றார் அப்பா. "சிரிக்கறது உங்களுக்குக் கேக்கவா போகுது?" என்றாள் அம்மா.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும். விலையைக் கேட்டதும் ஒன்று போதும் என்று அம்மா எழுந்தாள். பைக்குக்காக நான் சேர்த்தது இருக்கிறது என்றேன். மறுபடி உட்கார்ந்துகொண்டு, "செரி, ஒரு காதுக்கு நீ குடு. இன்னொரு காது என்னோட காசு. தார் போட்டுப் போன காது, தார் போட்ட காசுலயே வரட்டும்" என்றாள். இரண்டு மெஷினும் அவள் சொன்னபடிதான் வாங்கினோம்.

மெஷினைப் பொருத்தி வாங்கிவர இன்னொரு நாள் மூவரும் போனோம். வீட்டுக்கு வந்ததும் நான் டிவியைப் போட்டேன். ஏழு மணிதான். மாமியார் வந்தாள். அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்ன சாமி, ஆளு வந்தா டமாருங்குது, போனா டமாருங்குது? தறியே தேவலை!"

பிறகு கையை எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இவ கொரலா இது? இத்தன வருசமா எவ்வளவு கம்பீரமாப் பேசுனா. யாரோ பச்சப்புள்ளயப் பேச உட்டு ஏமாத்திருக்கறாங்க."

ஹாஸ்டலில் நான் பட்ட அதே ஏமாற்றம். ஆனால் அவளிடம் என்னைப் போல வெட்கமில்லை. சீரியல் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தாள். மகன் திரும்பி நின்று பேசியபோது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தொடக்கப் பாட்டு வந்ததுமே ரிமோட்டில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி அவளே வசனம் சொன்னாள். நான் ஒரு வார்த்தை திருத்தவில்லை. நிஜ வசனத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது. இதுவும் என் அபிப்பிராயம்தான், ஆனால் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன். டப்பிங் தொடர்களை அவள் இப்போதும் பார்ப்பதில்லை. "வாய் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?" என்கிறாள். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் படுகிறது.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா என் போனை வாங்கினாள். அதுவரை அவள் போனில் பேசி நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவாள், கூச்சம் என்று நினைத்திருந்தோம். காதோரம் வைத்து, சரிசெய்து, மறுபடி வைத்து, முதலாளியிடம் அவளே பேசினாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க... ஆமாங்க, நாந்தான் பேசறேன், நல்லாக் கேக்குதுங்க... அந்த லைன் ஊட்டை வேற ஆளுக்கு உட்ருங்க. நாங்க வரலீங்க. இங்கியே இருந்துக்கறோம்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்த மனுசனுக்கு இவ்வளவு நல்ல கொரலா!" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

டாக்டர் பீஸ், இரண்டு பேருக்கும் டெஸ்ட், அம்மாவின் இரண்டு மெஷின், அப்பாவின் காதடைப்பான், மூன்று பேர் இரண்டு தடவை சேலம் போய்வந்த பஸ், முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் குடித்த மூன்று கரும்புச் சாறு, எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.